தறி குடோனை ஒட்டின வீடு, 81 வயது அப்பத்தா, அடுத்த மாதம் பச்சைக்குழந்தை: என்னவெல்லாம் தயார் பண்ணணும்?

தறிவீட்டுக்காரன் (சோமனூர் பக்கம்)

வணக்கமுங்க. மனைவிக்கு இப்போது 36 வாரம். முதல் குழந்தை.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். கட்டுச்சோறு விருந்து முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். தாயும் பிள்ளையும் திரும்பி வர மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் மாப்பிள்ளைக்கு வேலை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாமியார் போன ஐப்பசியில் தவறிவிட்டார். என் அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே போயாச்சு. மாமனார் வீட்டில் அவரும் மச்சினனும் ஓட்டல் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான்.

வீட்டில் நான், அப்பா, அப்பத்தா. அப்பத்தாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது தறிச் சத்தத்தில் எப்போதோ போய்விட்டது, வாய் மட்டும் வெண்கலம். ஏழு பேரப்பிள்ளைகளைப் பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்னால் குளிக்கும் இடம்) காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டின ஆள். இப்போதே குழந்தைக்கு மருந்து உரசும் உரைகல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டது. ஒரு பழைய ரொட்டி டப்பாவில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் ரெடி. சேனை, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பு, யார் வைப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. வைக்கிறவர் குணம்தான் குழந்தைக்கு வருமாம். "உங்கொப்பனை மட்டும் வெக்க உட்டராதே கண்ணு" என்று அப்பா காதுபடவே சொல்கிறது.

நெட்டில் தேடியதில் 43 பொருள் கொண்ட ஒரு பட்டியல் கிடைத்தது. அதில் ஈரத் துடைப்பான்களைச் சூடாக வைத்திருக்க ஒரு மின்பெட்டி. சோமனூரில், வைகாசி மாதத்தில்! அதைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

என் சந்தேகங்கள்:

எதை நிஜமாகவே வாங்க வேண்டும்? எங்கள் தறியில் ஓடும் காடா (வெளுக்காத பருத்தி) துணியிலேயே இருபது துண்டு வெட்டி ஓரம் அடித்து வைக்கலாம் என்று இருக்கிறேன், சரிதானா?

ஆறு தறி, கூலிக்கு ஓட்டுகிறோம். எங்கள் படுக்கையறைக்கும் தறி ஓடும் குடோனுக்கும் ஒரே சுவர். லோன் இருக்கிறது, மொத்தமாக நிறுத்த முடியாது. குழந்தைக்கு இந்தச் சத்தம் ஆகுமா?

அப்பத்தாவை எப்படிச் சமாளிப்பது? என்னை வளர்த்ததே அது. மனசு நோகக்கூடாது.

கடைசியாக, ராத்திரி. பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) இழை அறுந்தால் கரண்ட் இல்லாத இருட்டிலும் தடவிப் பார்த்து முடி போட்டுவிடுவேன். குழந்தையை எப்படித் தூக்குவது என்று சத்தியமாகத் தெரியாது.

---

இரண்டு பிள்ளைக்காரி (திருப்பூர்)

தம்பி, காடா துணியை அப்படியே வெட்டிவிடாதீர்கள். பாவு கஞ்சி போட்டது என்று உங்களுக்கே தெரியும். புதுத்துணியில் அந்த மொடமொடப்பு குழந்தையின் தொடை இடுக்கில் உராய்ந்தால் சிவந்துவிடும். வெந்நீரில் ஊறப்போட்டு நாலைந்து தடவை அலசி வெயிலில் காயவைத்த பிறகு வெட்டுங்கள். இல்லையென்றால் அப்பாவிடம் கேளுங்கள், பத்து வருடம் உடுத்தி மெலிந்துபோன வேட்டி இரண்டு மூன்று கட்டாயம் இருக்கும். அதற்கு மிஞ்சின நாப்கின் இன்னும் யாரும் நெய்யவில்லை. இருபது போதாது, முப்பது வேண்டும். ஆனி, ஆடி என்றால் காற்றில் துணி உடனே காய்ந்துவிடும். ஆனால் குடோன் பக்கம் காயப்போடாதீர்கள், பஞ்சு அப்பிக்கொள்ளும்.

சட்டைக்கு ஒருநாள் இங்கே காதர்பேட்டை துணிக்கடைகளுக்கு வந்துவிடுங்கள். முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜபலா ஆறு. தலைவழியாக மாட்டுவது வேண்டாம், தொங்கும் கழுத்தோடு அதை மாட்டுவதற்குள் உங்களுக்கு வேர்த்துவிடும். துண்டு நாலு, கொசுவலை ஒன்று, கைக்குக் கழுவும் சோப்பு. அவ்வளவுதான்.

கை சோப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் இரண்டாவது பிரசவம் 2016ல், அரசு ஆஸ்பத்திரியில். அப்போது 16 பொருள் போட்டு ஒரு பெட்டகம் கொடுத்தார்கள். கிலுகிலுப்பை, நகவெட்டி, சுண்டி லேகியம் எல்லாம் இருந்தது. நான் அடி வரைக்கும் தீர்த்தது தாய்க்கென்று வைத்திருந்த அந்தக் கை கழுவும் திரவத்தைத்தான்.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் பிள்ளைக்கு அந்தப் புத்தி இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரம்பரை (உறவுக்காரர்கள்) முப்பது பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், குழந்தை கையில் ஒரு நூறு ரூபாய், கன்னத்தில் ஒரு முத்தம். நான் சேலையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுக்கிறேன், பின்னால் ஒரு பெரியம்மா "அழுதுக்கிட்டே இருக்குதே, பால் பத்தலயாட்டம் இருக்குது" என்கிறார். அந்த ஒரு வார்த்தை போதும். அன்று பொழுதோட அதே பெரியம்மா சொல்லி அனுப்பி, வீட்டுக்காரர் போய்ப் பால்மாவு டப்பா வாங்கி வந்தார். புட்டியில் குடித்த பிள்ளை நன்றாகத் தூங்கியது. எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மறுபடி நேரே பால் குடிக்க வைக்க இரண்டு வாரம் அழுதோம், நானும் அவனும்.

பிறந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ராத்திரி எல்லாப் பிள்ளைகளும் விடாமல் குடிக்கும், விட்டால் அழும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்படிச் சப்பிச் சப்பித்தான் பால் ஊறுகிறது.

இரண்டாவதுக்கு வீட்டுக்காரர் வாசல் வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், சோப்பு. வந்தவர்களுக்கு அங்கேயே காப்பி. "இப்பத்தான் தூங்குச்சு" என்று நாற்பது நாளும் ஒரே பொய். நாலு பேர் கோபித்துக்கொண்டார்கள். நோம்பிக்கு (பண்டிகைக்கு) எல்லாம் சரியாகிவிட்டார்கள்.

---

ஓய்வுபெற்ற நர்ஸ் (கோபி)

தம்பி, நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். கோபி, அந்தியூர் பக்கம் பிரசவமான வீடுகளுக்கு நடந்தே போயிருக்கிறேன். திருப்பூர் அம்மிணி சொன்னது எல்லாம் சரி. மிச்சத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் சேனை. சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால், எதுவும் வேண்டாம். தேனில் இருக்கும் ஒரு கிருமி ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் நரம்பையே முடக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சிசேரியன் என்றாலும் அதையேதான் கேளுங்கள். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, கொஞ்சமாக இருக்கும். முதல் நாள் குழந்தையின் வயிறும் அந்த அளவுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் "பாலே இல்லை" என்கிறார்கள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம், உரை மருந்து வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம்.

அப்பத்தாவை மறித்துப் பேசாதீர்கள். நான் பல வீட்டில் செய்த வேலை ஒன்று சொல்கிறேன். பாலாடையை (குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு) கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். தாயின் சீம்பாலையே இரண்டு சொட்டு அதில் பிழிந்து, பாட்டியைக் கை கழுவச் சொல்லி, "நீங்களே சேனை வெச்சுடுங்க" என்று கொடுத்துவிடுங்கள். சாங்கியமும் ஆச்சு, குழந்தைக்கு நல்லதும் ஆச்சு. வசம்பு வளையல் கையில் வேண்டாம், வாய்க்குப் போகும். கொசுவலைக் கம்பியில் கட்டிக்கொள்ளட்டும். கண்ணில் மை கூடாது. உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டும், நானும் வைத்திருக்கிறேன்.

குளியல்: தொப்புள்கொடி விழும்வரை, அநேகமாக ஐந்திலிருந்து பதினைந்து நாள், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டால் போதும். தொப்புளில் பவுடர், எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்தால் தானாக விழும். விழுந்த பிறகு அப்பத்தா காலை நீட்டி உட்காரட்டும், தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவது, மூக்கில் ஊதுவது, மார்பைப் பிதுக்குவது, தலைகீழாகப் பிடித்து உரம் (சுளுக்கு) எடுப்பது, இந்த நாலும் கூடாது. பிறந்த குழந்தைக்கு மார்பு வீங்கி ஒரு துளி பால் வரும், ஆணுக்கும் வரும். தாயின் சுரப்புநீர் செய்யும் வேலை அது. தொடாமல் விட்டால் வற்றிவிடும். பிதுக்கிப் பிதுக்கிச் சீழ் வைத்த குழந்தையைப் பெருந்துறை வரை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பஞ்சுத்தூசி இருக்கிறது.

இனி, பால் போதுமா போதாதா என்று எப்படித் தெரியும்? அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. மூத்திரத்தை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே ஏறி ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறும் அதற்கு மேலும் போக வேண்டும். மலம் முதலில் கறுப்பாக, தார் மாதிரி வரும். நாலைந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். நான் எல்லா வீட்டிலும் தினசரி காலண்டரைத்தான் பிடிப்பேன். கிழித்த தாளைத் தூக்கி எறியாமல் பின்பக்கத்தில் மூத்திரத்துக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு வட்டம். படிக்கத் தெரியாதவர்களும் போடலாம். ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். பிறந்த எடையிலிருந்து பத்து சதவீதம் வரை முதல் நாட்களில் குறையலாம், இரண்டு வாரத்தில் மீண்டுவிட வேண்டும். மூன்று கிலோ குழந்தை 2.700க்குக் கீழே போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மஞ்சள் காமாலை இரண்டாம் மூன்றாம் நாளில் நிறையக் குழந்தைகளுக்கு வரும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, தோலை லேசாக விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். முகத்தோடு நின்றால் பால் கொடுத்துக்கொண்டே கவனிக்கலாம். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே வந்தாலோ, கால், உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. "காலை வெயிலில் காட்டினால் போயிடும்" என்று நாலு நாள் காட்டிக்கொண்டே இருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கும்போது பாதம் வரை மஞ்சள். எழுப்பினால் முழிக்கவில்லை. காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் காது போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயது.

சொல்லும்போதே உங்கள் குடோன் நினைவுக்கு வருகிறது. பச்சைக்குழந்தைகள் வைக்கும் வார்டில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பார்கள். தறி ஓடும் இடத்தில் 90ஐத் தாண்டும். சுவர் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனாலும் அந்த அறை வேண்டாம். வீட்டில் குடோனுக்கு எதிர்மூலையில் எது இருக்கிறதோ, சமையல் சாமான் அறையாகவே இருந்தாலும் காலி செய்து வெள்ளையடித்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்டை நாற்பது நாளைக்காவது விடுங்கள். குடோனிலிருந்து வந்தால் சட்டையை மாற்றி, கை முகம் கழுவின பிறகு குழந்தையைத் தொடுங்கள். ஒரு மாதத்துக்குள் காது கேட்கும் சோதனை செய்துவிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

பாலக்காட்டுக் காற்று அடிக்கும் காலம் என்று குழந்தையைப் பொட்டலம் கட்டிவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு சட்டை என்றால் அதற்கு ஒரு சுற்று கூட, அவ்வளவுதான். கை கால் ஜில்லென்று இருப்பது சகஜம். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

உடனே கிளம்ப வேண்டியது எப்போது என்றால்: பால் குடிக்க மறுப்பது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது உடம்பு முழுக்க ஜில்லிடுவது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு குழி விழுவது, வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு. 108 கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. உங்கள் ஊர் நர்ஸ் 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் நீங்களே போன் போடுங்கள், கூச்சம் வேண்டாம்.

தாயையும் பாருங்கள் தம்பி. எல்லாரும் தொட்டிலைத்தான் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற மாதிரி ரத்தம் போனால், காய்ச்சலும் குளிரும் வந்தால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று அப்பத்தா சொல்லும். கேட்காதீர்கள். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைப்பது உங்கள் வேலை.

---

பொள்ளாச்சி அப்பன்

பங்காளி, அக்காமார் சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது? ராத்திரி விஷயம் மட்டும்.

தூக்குவது சுலபம். ஒரு கை கழுத்துக்கும் பின்மண்டைக்கும் கீழே, இன்னொரு கை பிட்டத்துக்குக் கீழே, அப்படியே நெஞ்சோடு. ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் முன்னால் பத்துத் தடவை தூக்கிப் பழகிவிடுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

ராத்திரியில் பால் கொடுப்பது அவர், மீதி எல்லாம் நீங்கள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் எடுத்துக் கொடுப்பது, குடித்த பிறகு தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது. ஏப்பத்துக்கு அடிக்க வேண்டாம், தடவினால் போதும். ஒருநாள் என் தோளில் அரைமணி நேரம் ஏப்பம் வராமல் நான் தூங்கியே விட்டேன். அதற்கு முதுகைச் சுவரில் சாய்த்து உட்காராதீர்கள், நின்றுகொண்டே செய்யுங்கள்.

மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். தலை உருண்டையாக வரும் என்று எங்கள் வீட்டில் கடுகுத் தலையணை தைத்து வைத்திருந்தார்கள். டாக்டர் எடுத்துப் போடச் சொல்லிவிட்டார். முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, கனத்த போர்வை எதுவும் இருக்கக்கூடாதாம். அந்தக் கடுகைத் தாளித்தே தீர்த்தோம்.

சமையலுக்கு அரிசியும்பருப்பும் கற்றுக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, சீரகம் தாளித்து, துவரம்பருப்பும் அரிசியும் போட்டு, குக்கரில் மூன்று விசில். ஒரு கரண்டி நெய் விட்டு வட்டலில் போட்டுக் கொடுத்தால் பிள்ளை பெற்றவள் ஒரு கையால் சாப்பிடலாம். முதல் பத்து நாள் அவருக்கு இரண்டு கை கிடைக்காது.

இன்னொன்று, பிக்மி நம்பரை (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது இல்லாமல் அலையவிடுவார்கள். 21 நாளுக்குள் பதிவாகிவிட வேண்டும். பேர் இன்னும் முடிவாகவில்லையென்றாலும் பரவாயில்லை, ஒரு வருடத்துக்குள் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் குலதெய்வம் பேரா, ஜாதகத்தில் வந்த எழுத்தா என்று எட்டு மாதம் பஞ்சாயத்து நடந்தது.

---

தறிவீட்டுக்காரன் (சோமனூர் பக்கம்)

எல்லாருக்கும் நன்றிங்க. ஆனி பிறந்து நாலாம் நாள் பெண் குழந்தை, 2.850 கிலோ. சிசேரியன். வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள், குழந்தைக்கு ஒன்பதாம் நாள்.

எதிர்மூலையில் நூல் பை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தோம். நைட் ஷிப்ட் நிறுத்தியாச்சு. கூலி குறைகிறது, அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேனை, நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே. அப்பத்தா பாலாடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "இது சக்கரை மாதிரி தெரியலயே" என்றது. சீம்பால் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல இதைப் பீச்சி ஊத்தச் சொன்னாங்கடா" என்று சொல்லிவிட்டு இரண்டு சொட்டு வைத்தது.

இரண்டாம் நாள் ராத்திரி நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. விடிய விடிய அழுகை. பக்கத்து வீட்டு அக்கா பால்மாவு டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார். மனைவி கோடுகளை எண்ணிக் காட்டினாள். டப்பா திரும்பிப் போய்விட்டது. நாலாம் நாள் 2.640 இருந்தது, நேற்று 2.740. மஞ்சள் நெஞ்சு வரை வந்தது, டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து விளக்கு தேவையில்லை என்றார், இப்போது இறங்கிவிட்டது. தொப்புள் நேற்று விழுந்தது.

நாளைக் காலை வெள்ளென பொடக்காளியில் முதல் குளியல். அப்பத்தா இன்றைக்கே போய் அங்கே உட்காரும் கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறது. மூக்கில் எண்ணெய் விடமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன்.

காலண்டர் தாள் முழுவதும் இப்போது அப்பத்தா கையில். பேனா பிடிக்க வராது என்று அடுப்புக்கரியில் போடுகிறது. ஒரு கோடு என் சுண்டுவிரல் தடிமன். இன்றைக்கு மத்தியானம் வரை ஆறு கோடு, மூன்று வட்டம். ஏழாவது இதோ என் சட்டை மேல் போய்விட்டது. துணியில் போகாததால் கணக்கில் வராதென்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே இருந்து சத்தம் வருகிறது, கரியைத் தேடுகிறதாம்.